மூன்று சொற்களும் ஒரு பட்டியலும்: பதவி உயர்வில் பணிமூப்பு வழக்கின் வரலாறு

இந்தியாவில் இட ஒதுக்கீட்டைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் விழுக்காட்டைச் சுற்றியே நிகழ்கிறது. யாருக்கு எத்தனை இடம், 50 விழுக்காட்டு வரம்பு மீறப்பட்டதா என்பனவே அதன் வினாக்கள். ஆனால் அரசு அலுவலகங்களிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை அறுபது ஆண்டுகளாக நீளும் ஒரு வழக்கின் மையம் வேறு. பணிமூப்புப் பட்டியலில் எவர் பெயர் மேலே நிற்கும் என்பதே அது. உயர்பதவிக்கான வழி அந்தப் பட்டியலின் ஊடாகவே செல்வதால், இட ஒதுக்கீடு எந்தப் படியோடு நின்றுபோகும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

வழக்கு ஒரு சொல்லின் பொருளில் தொடங்கியது. அரசுப் பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் பெறாத பிற்பட்ட வகுப்பினருக்கு நியமனங்களையோ பதவிகளையோ ஒதுக்க அரசமைப்பின் உறுப்பு 16(4) அரசுக்கு இடமளிக்கிறது. இங்கே 'பதவிகள்' என்பது பணியில் சேரும் நிலையை மட்டும் குறிக்கிறதா, பணியில் இருப்போர் ஏறிச் செல்லும் உயர்நிலைகளையும் குறிக்கிறதா? 1959இல் ரயில்வே வாரியம் விடுத்த சுற்றறிக்கைகள், தேர்வு செய்து நிரப்பப்படும் உயர்பதவிகளிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கின. அவற்றை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றது. 1961இல் 'தென்னக ரயில்வே பொது மேலாளர் எதிர் ரங்காச்சாரி' தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. கஜேந்திரகட்கர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, 'பதவிகள்' என்ற சொல் உயர்நிலைகளையும் உள்ளடக்கும் என்றது.

பதவி உயர்வு கிடைத்தபின் எழும் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கீழ்நிலைப் பணியில் பொதுப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் முதலிலும் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் பின்னரும் சேர்கின்றனர். இனச்சுழற்சி முறையில் பின்னவர் முன்னதாகப் பதவி உயர்வு பெறுகிறார். சில ஆண்டுகள் கழித்து முன்னவரும் அதே உயர்நிலைக்கு வருகிறார். இப்போது அந்த நிலையில் மூத்தவர் யார்? முதலில் அப்பதவிக்கு வந்தவரா, முதலில் பணியில் சேர்ந்தவரா? அடுத்த படிக்கு எவர் பெயர் முதலில் கருதப்படும் என்பது இந்த விடையைப் பொறுத்தது.

1992 நவம்பர் 16 அன்று இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, உறுப்பு 16(4) பதவி உயர்வுக்குப் பொருந்தாது என்று கூறி ரங்காச்சாரி தீர்ப்பின் நிலையை மாற்றியது. நடைமுறையில் இருந்த ஒதுக்கீடு ஐந்தாண்டுகளுக்குத் தொடர மட்டும் அனுமதித்தது. நாடாளுமன்றம் 1995 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்த 77ஆம் திருத்தத்தின் வழியாக 16(4ஏ)வைச் சேர்த்து, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்வில் ஒதுக்கீட்டை மீட்டது. நான்கு மாதங்களுக்குள், அக்டோபர் 10 அன்று, வடக்கு ரயில்வே கார்டுகள் தொடர்பான வீர்பால் சிங் சௌகான் வழக்கில் வேறொரு தீர்ப்பு வந்தது. ஒதுக்கீட்டால் முன்னே சென்றவர் அடுத்த நிலைக்கு ஏறும் முன் பொதுப்பிரிவு மூத்தவர் அவரை எட்டிப்பிடித்தால், பழைய மூப்பு திரும்பிவிடும் என்பது அதன் சாரம். இதுவே 'எட்டிப்பிடிக்கும் விதி' எனப்பட்டது. 1996இல் அஜித் சிங் வழக்கு அதை உறுதிசெய்தது, 1997இல் ஜகதீஷ் லால் வழக்கு அதற்கு மாறாகச் சென்றது, 1999இல் ஐவர் அமர்வு இரண்டாம் அஜித் சிங் வழக்கில் அதை மீண்டும் நிலைநாட்டியது. பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவது உறுப்பு 16(1) தரும் அடிப்படை உரிமை என்றும், 16(4), 16(4ஏ) ஆகியவை அரசுக்கு அதிகாரம் அளிப்பவை மட்டுமே என்றும் அந்த அமர்வு கூறியது.

இதற்கு விடையாக வந்தது 85ஆம் திருத்தம். 2002 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற அது, 1995 ஜூன் 17 முதலே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. 16(4ஏ)இல் 'பதவி உயர்வில்' என்ற தொடரையடுத்து, இரு காற்புள்ளிகளுக்கு நடுவே, 'அதன் விளைவான பணிமூப்புடன்' என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள் செருகப்பட்டன. பதவி உயர்வு ஓர் இருக்கையைத் தருகிறது. அந்த இருக்கையில் கழித்த காலத்தை மூப்பாகக் கணக்கிடும் உரிமையை அம்மூன்று சொற்கள் தந்தன. எட்டிப்பிடிக்கும் விதியோ இருக்கையை ஏற்றுக் காலத்தை மறுத்தது. ஏணியின் முதற்படியில் ஒதுக்கீடு இருந்தும் மேற்படிகளில் பிரதிநிதித்துவம் தேங்குவதற்கு அந்த மறுப்பு ஒரு வழியாகும். அதே வேளையில், முன்னதாகப் பணியில் சேர்ந்தும் பட்டியலில் பின்னே தள்ளப்பட்ட ஊழியரின் மனக்குறையும் கற்பனையானதன்று.

2006 அக்டோபர் 19 அன்று நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தங்களை ஏற்றது. ஆனால் பின்தங்கிய நிலை, பிரதிநிதித்துவக் குறைவு ஆகியவற்றை அளவிடத்தக்க தரவுகளால் காட்ட வேண்டும், நிர்வாகத் திறனையும் கருத வேண்டும் என்ற பொறுப்பை அரசின் மேல் வைத்தது. அன்றிலிருந்து வழக்கு சொற்களிலிருந்து எண்களுக்கு நகர்ந்தது. தரவு இல்லாமையால் 2012இல் உத்தரப்பிரதேசத்தின் விதிகள் வீழ்ந்தன. அவ்வாண்டே மாநிலங்களவை நிறைவேற்றிய 117ஆம் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறவில்லை. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள் தொடர்பான பன்னீர்செல்வம் வழக்கில் (2015), பணிமூப்புக்கென மாநிலம் தனி விதி செய்யாத நிலையில் எட்டிப்பிடிக்கும் விதியே செல்லும் என்று தீர்ப்பானது.

தரவு இல்லாமையின் விலையைக் கர்நாடகம் தெளிவாகக் காட்டுகிறது. அம்மாநிலத்தின் 2002ஆம் ஆண்டுப் பணிமூப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2017 பிப்ரவரியில் பவித்ரா வழக்கு செல்லாதாக்கியது. ஓய்வுபெற்றோர் பாதிக்கப்படவில்லை. பணியில் இருந்தோரின் பதவி உயர்வுகள் தற்காலிகமானவையாகி மறுஆய்வுக்கு உள்ளாயின. மூன்று மாதங்களுக்குள் பட்டியலைத் திருத்த ஆணை வந்தது. பின்னர் மாநில அரசு ரத்னபிரபா குழுவின் வழியே தரவுகளைத் திரட்டி 2018இல் புதிய சட்டம் இயற்றியது. 2019 மே 10 அன்று அது ஏற்கப்பட்டது. சமூகத்தின் பன்மையைப் பிரதிபலிப்பதும் நிர்வாகத் திறனின் பகுதியே என்று அத்தீர்ப்பு விளக்கியது. 2018 செப்டம்பரின் ஜர்னைல் சிங் தீர்ப்பு, பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் பின்தங்கிய நிலையைத் தரவால் மெய்ப்பிக்கத் தேவையில்லை என்று ஏற்கெனவே தளர்த்தியிருந்தது. 2022 ஜனவரியிலோ அதே வழக்கின் அடுத்த தீர்ப்பு, பிரதிநிதித்துவத் தரவைத் தொகுதிவாரியாக அன்றி ஒவ்வொரு கேடருக்கும் தனித்தனியே திரட்ட வேண்டும் என்றது. தொகுதிவாரித் தரவை 2019 தீர்ப்பு ஏற்றது சரியன்று என்றும் கூறியது.

1990களின் தொடக்கத்தில் பணியில் சேர்ந்த ஒருவர் தம் பணிக்காலத்திற்குள்ளேயே 1995, 2002, 2006, 2022 எனப் பலமுறை தம் இடத்தைக் கணக்கிடும் முறை மாறியதைக் கண்டிருப்பார். நீதிமன்றமும் நாடாளுமன்றமும் கொள்கையைப் பற்றி வாதிட்டன; ஆனால் எந்தக் கேடரில் எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணிச் சொல்ல வேண்டிய கடமை அரசு நிர்வாகத்துடையது. அந்த எண்ணிக்கை வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் எடுக்கப்படாதவரை, 85ஆம் திருத்தம் தந்த மூன்று சொற்கள் அரசமைப்பில் இருக்கும். அலுவலகப் பட்டியலில் அவற்றுக்கு உறுதியான இடம் இராது.