கதைத்துணிகளின் கர்த்தா யார்?

வியட்நாம் யுத்த காலத்தில் லாவோஸ் மலைகளில் அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் பொருட்டு மறைவாகப் போரிட்ட ஹ்மோங் இனத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும், 1975இல் ஆட்சி மாறியபின் பழிக்கு அஞ்சி மேகாங் நதியைக் கடந்து தாய்லாந்து புகுந்து, லோயி மாகாணத்துப் பான் வினாய் முதலிய அகதி முகாம்களில் காலந்தள்ளிய நாட்களில் பிறந்தவையே கதைத்துணிகள் எனப்படும் சித்திரத் தையல்கள். இவற்றைப் பற்றி இருவேறு அபிப்பிராயங்கள் வழங்குகின்றன: சம்பிரதாயக் கலை சந்தைச் சரக்காகச் சீரழிந்தது என்பது ஒன்று; புலம்பெயர்ந்த ஸ்திரீகள் தம் துயரத்தைத் தாமே தீட்டிய சாட்சியம் என்பது மற்றொன்று. இரண்டுமே துணியை உற்றுநோக்காமல் சொல்லப்படுபவை என்பது என் துணிபு.

ஹ்மோங் பெண்கள் பரம்பரையாகத் தைத்துவந்த பூத்துணியில் மனித உருவங்கள் இல்லை. சுருள், கட்டம், முக்கோணம் ஆகிய வடிவங்களே பாவாடையிலும் பிள்ளை சுமக்கும் துணியிலும் இடம்பெற்றன. உழ நிலமற்ற முகாமில் ஊசியே ஜீவனோபாயமாயிற்று. தொண்டு நிறுவனத்தார் ஊக்க, அமெரிக்காவில் குடியேறிய உறவினர் விற்றுக்கொடுக்க, வாங்குவோர் வீட்டுச் சுவருக்குப் பொருந்தும்படி கண்ணைப் பறிக்கும் நிறங்கள் விலகி மங்கிய நீலமும் பழுப்பும் புகுந்தன. இது மெய்யே. ஆயினும் விலை பேசியதனாலேயே கலை கெட்டதென்று தீர்ப்பளிப்போமாயின், கூலிக்கு உளியெடுத்த ஸ்தபதிகளின் சிற்பங்களையும் நாம் தள்ளிவைக்க நேரும்.

இரண்டாவது கட்சிக்கு இடையூறு வேறு. கோட்டுருவங்களைப் பெரும்பாலும் வரைந்தவர்கள் ஆடவர். பள்ளிப் புத்தகப் படங்களை அடியொற்றி வரைந்தவர்களும் அவர்களுள் உண்டு. அப்படியானால் பெண்கள் நிறம் நிரப்பிய கைகள் மாத்திரந்தானா? நதியைக் கடக்கும் காட்சியுள்ள துணியைப் பாருங்கள்: நீலப் பட்டையாக ஓடும் மேகாங்கில் மூங்கிலைப் பற்றி நீந்துவோர், கரையில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள், மேலே விமானங்கள். விரல் நீளத்துக்கு மேற்படாத அவ்வுருவங்களின் உடையைக் கொண்டே, வெள்ளைப் பாவாடையினர் ஒரு கிளையார், அவுரிநீல மடிப்புப் பாவாடையினர் மற்றொரு கிளையார் என்று அறிந்தோர் பிரித்துணர்வர். அந்த நுட்பம் பென்சிலின் தயவால் வந்ததன்று; வருஷக்கணக்காக அதே உடைகளைத் தைத்த கைகள் அறிந்தது. காட்சியைச் சூழ்ந்தோடும் முக்கோண வரிசையோ பழைய பூத்துணியிலிருந்தே வந்தது. நிறத்தில் வாங்குவோருக்கு வழிவிட்டவர்கள் விளிம்பில் தம் மரபைக் கைவிடவில்லை.

ஆகவே இக்கூட்டுப் படைப்பில் கர்த்தாவைத் தேடுவோர், ஊசியா பென்சிலா என்று வழக்காடுவதை விடுத்து, யார் எதை விட்டுக்கொடுத்தார், எதை விட மறுத்தார் என்றே வினவவேண்டும். இன்று பெருநகரங்களில் புலம்பெயர்ந்த பெண்களைக் கூட்டிக் கலைப்பணி நடத்தும் கலைஞர்களிடமும், திட்டத்தைப் பங்கேற்போர் மாற்றியமைக்க இடமிருந்ததா என்பதையே முதலிற் கேட்கவேண்டும். பாராட்டுரைகளில் பெரிதும் அடிபடும் ‘பங்கேற்பு’ அதற்கு விடையாகாது. அருங்காட்சியகங்களும் ‘ஹ்மோங் மகளிர்’ என்ற ஒற்றைச் சீட்டோடு அமையாது, வரைந்தவர், தைத்தவர், நிறம் சொன்னவர், விற்றவர் என இயன்றவரை விசாரித்துத் தனித்தனியே பதிவு செய்தல் தகும். தைத்த மூதாட்டியரிற் சிலரேனும் உயிரோடிருக்கும்போதே அதைச் செய்தாகவேண்டும்.