குரல் வேறு, முகம் வேறு

டெலிவிஷனில் ஒரு பேட்டி. கேட்கிறவர் சென்னை நிலையத்தில் இருக்கிறார். பதில் சொல்ல வேண்டிய பெரியவரோ, காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையிலுள்ள மானகிரியில், தம் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கேள்வி முடிந்த பிறகும் அவர் சற்று விழிக்கிறார். "பாவம், பதில் தெரியவில்லை" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

குற்றம் அவருடையதல்ல. செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. குரல் அவ்வளவு தூரம் ஏறி இறங்கக் கால் விநாடி ஆகும். கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை விநாடி.

முகத்தையும் குரலையும் பிரித்தாளும் வித்தை செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. காரைக்குடி ஏ. வி. மெய்யப்பன் 1938-இல் 'நந்தகுமார்' படத்தில், லலிதா வெங்கட்ராமனின் பாட்டைத் தனியே பதிவு செய்து நடிகையின் வாயசைப்புக்குப் பொருத்தினார். தமிழில் பின்னணிப் பாட்டு பிறந்தது அப்படித்தான். 1943-இல் வந்த கன்னட 'ஹரிச்சந்திரா', மறு வருஷம் அவர் கையால் தமிழ் பேசிற்று. 1945-இல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில் நடித்தவர் ருக்மிணி; பாட்டோ பெரியநாயகியின் குரலுக்கு மாறிற்று. பிறகு தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்து, 1947-இல் 'நாம் இருவர்' படத்தை வெளியிட்டார். 1948-இல் ஸ்டூடியோ சென்னை வடபழனிக்குப் போய்விட்டது.

ஸினிமாக்காரர் பட்ட கஷ்டம் குரலை முகத்தோடு ஒட்டுவது. டெலிவிஷன்காரருக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது: பேசுகிறவர் காதிலிருந்து அவர் குரலையே விலக்கி வைப்பது!

1950-இல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் ஒரு விசித்திரத்தை எழுதினார். ஒருவன் பேசுவதைச் சிறிது தாமதித்து அவன் காதிலேயே போட்டால், திக்குவான். சொன்ன அசையையே திரும்பச் சொல்வான். எத்தனை பெரிய பேச்சாளரானாலும் தப்புவது கடினம். பெரியவரின் குரல் செயற்கைக்கோள் வழியே சென்னை போய், டெலிபோன் வழியே அவர் காதுக்குத் திரும்பினால் நேர்வது இதுதான். ஆகையால் நிலையத்து ஒலிப் பொறியாளர் அவருக்கென்று தனிக் கலவை ஒன்று தயாரிக்கிறார். கேட்பவர் குரல், மற்ற விருந்தினர் குரல் எல்லாம் அதில் உண்டு; அவருடைய குரல் மட்டும் இல்லை. நான்கு ஊர்களில் நான்கு பேர் இருந்தால் நான்கு கலவைகள்! ஒன்று தவறினாலும் ஒரு மனிதர் ஊரார் முன்னால் உளறுவார்.

சென்னையில் டெலிவிஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். அன்றிலிருந்து கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. இன்று கைபேசி வழியாகவே பேட்டி வருகிறது. தாமதம் மட்டும் வேறு வேறு உருவத்தில் இருந்துகொண்டே இருக்கிறது.

இதில் ஒரு நியாயப் பிரச்னை உண்டு, பாருங்கள். நிலையத்தில் இருப்பவர் குறுக்கே பேசினால், அது தூரத்தில் இருப்பவருக்குத் தாமதமாகத்தான் எட்டும். அதற்குள் இருவர் பேச்சும் மோதும். நிறுத்துகிறவர் எப்போதும் கிராமத்துக்காரர்தான். அவர் ஒலியைக் குறைக்கும் கட்டை சென்னையில் அல்லவா இருக்கிறது! ஆகவே, கேள்வி கேட்கிறவர் அரை விநாடி பொறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பார்க்கிற நாமும் அந்த அரை விநாடியை அறியாமை என்று எண்ணாதிருக்க வேண்டும்.