தோட்டங்களுக்குத் துணைநின்ற சிற்றுயிர்கள்

சப்பிரகமுவ என்றதும் நினைவுக்கு வருவது மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அந்த ஈரமே அங்குள்ள தேயிலையையும் இறப்பரையும் கேகாலைத் தென்னையையும் வளர்க்கிறது. பயிர்ப்பகையைத் தின்று வாழும் சிற்றுயிர்களையும் அவ்வீரமே காக்கிறது. இவ்வுண்மையை நம் நாட்டுத் தோட்ட வரலாறு மெல்ல மெல்லவே கற்பித்தது.

இலைகளைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழுவொன்று இலங்கைத் தேயிலையைப் பல்லாண்டுகள் வாட்டியது. அதனை அடக்க 1935, 1936ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து மக்ரோசென்றஸ் என்னும் சிறு குளவி கொணரப்பட்டது. அது புழுவின் உடலினுள் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் அப்புழுவையே உணவாகக் கொள்ளும். புழுவின் கொட்டம் அடங்கிற்று.

பின்னர், கிளைகளைத் துளைக்கும் வண்டை ஒழிக்க 1950களின் பிற்பகுதியில் டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளிக்கலாயினர். வண்டுக்கு வைத்த நஞ்சு குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த புழு மீண்டும் பெருகிற்று. கொழுந்து கெட்டால் தோட்டத்து வருவாய் மட்டுமா குறையும்? கொழுந்து கிள்ளுவோரின் கூலியும் அன்றோ குறையும்! பிற்காலத்தில் அந்நஞ்சு கைவிடப்பட்டது.

நஞ்சை நம்பியிருக்க இயலாத நிலை தென்னைக்கும் வந்தது. 1997ஆம் ஆண்டின் இறுதியில் கற்பிட்டியில் தென்னைச் சிலந்திப்பேன் காணப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத அது, குரும்பையின் காம்பைச் சூழ்ந்த இதழ்களுக்கு அடியில் ஒளிந்து சாற்றை உறிஞ்சும். தெளிக்கும் மருந்து அங்கே எளிதில் எட்டாது. ஆனால் அந்த இடுக்கிலேயே நுழைந்து அதனை வேட்டையாடும் வேறொரு சிலந்திப்பேனும் நம் நாட்டில் உண்டு. நியோசியூலஸ் பராக்கி என்பது அதன் பெயர். தட்டையான அதன் உடல் அவ்வேட்டைக்கு ஏற்றது.

லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவகத்தார் இவ்வேட்டையாளியை வளர்த்துத் தோட்டங்களில் விட முனைந்தனர். அப்போது உணவுச் சிக்கல் எழுந்தது. தென்னைச் சிலந்திப்பேனை ஆய்வுகூடத்தில் பெருக்குவது அரிது. ஆகவே, சேமித்த தானியங்களில் வாழும் வேறொரு பேனை இரையாக ஊட்டினர். இரை நிறைந்தால் வேட்டையாளி மிகுதியாக முட்டையிடும். இரை அருகினால் முட்டையிடுவது குன்றும். இவ்வினத்தின் உறவினங்கள் சில, இரையற்ற நாள்களில் மகரந்தத்தைத் தின்று உயிர் காத்துக்கொள்கின்றன.

உணவை அடுத்தது ஈரம். வளர்ந்த வேட்டையாளி இரையிலிருந்து நீரைப் பெறும். முட்டைக்கோ அவ்வழி இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் நின்றால், பல இனங்களின் முட்டைகள் பொரியாமலே வற்றிவிடும். தேயிலையைத் தாக்கும் செஞ்சிலந்திப்பேனோ வறட்சியிலேதான் செழிக்கும். மழை மிகுந்த இரத்தினபுரியிலும் தை, மாசி மாதங்களில் வெயில் காயும்போது, பகை பெருகுகிறது, காவல் தளர்கிறது.

ஆதலின் நிழல்மரங்களை வெட்டி வெறுமையாக்கிய மலையில் வேட்டையாளியைக் கொண்டுபோய் விடுவதால் பெரும்பயன் விளையாது. நிழல் செடியருகே ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஓரங்களில் பூக்கும் செடிகள் மகரந்தம் தரும். அவ்விரண்டையும் காத்து, கண்மூடித் தெளிக்கும் கையைச் சற்றே நிறுத்தினால், விலைகொடுத்து வாங்காத காவலர் நம் தோட்டங்களில் தங்குவர்.