கருமூஞ்சியும் வெள்ளித் துகளும்

கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு, வெள்ளி உலோகம். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நெகட்டிவின் வெள்ளி, ஊட்டியில் பிலிம் ஆனது. 1960-ல் அரசு நிறுவனமாகப் பதிவாகி, 1967-ல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை அது. தொழில்நுட்பம் பிரான்சின் பௌஷே நிறுவனத்துடையது, குளிர் நீலகிரியுடையது. மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டினில் வெள்ளி உப்புப் படிகங்களைக் கலந்து, இருட்டிலேயே பிலிம்மீது பூசினார்கள். படிகம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. ‘இண்டு’ என்ற அதன் பெயர் எங்கள் நெகட்டிவின் ஓரத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது.

அந்த 120 ரோல், உத்தமபாளையத்து ஸ்டூடியோக்காரர் ஒருவரின் கேமராவில் ஏறி எங்கள் தாத்தாவின் ஊரான கோம்பைக்கு வந்தது. மேற்கே மலை, அதன் உச்சியில் இராமக்கல்மேடு, ஆடி பிறந்தால் ஓட்டைத் தூக்கும் காற்று. ஊர்ப் பெயரை வெளியூர்க்காரர்கள் அறிந்தது பெரும்பாலும் நாயால்தான்: செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி. எங்கள் தாத்தா திண்ணைக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் நிற்கிறார். பக்கத்தில் அவர் வளர்த்த கோம்பை நாய், காது விடைத்தபடி.

ஷட்டர் திறந்த நொடியில் வேட்டியிலிருந்து வெளிச்சம் ஏராளமாக வந்தது. அங்கே படிகங்கள் நெருக்கமாக விழித்துக்கொண்டன. கருமூஞ்சியிலிருந்து வந்ததோ கொஞ்சம். அதனால் நெகட்டிவில் வேட்டி கன்னங்கரேலென்று இருக்கிறது, நாயின் மூஞ்சி ஏறக்குறைய வெறும் பிலிமாகத் தெரிகிறது. ஓர் இனத்துக்கே அடையாளமான அந்தக் கறுப்பு எங்கே முடிந்து செவலை எங்கே தொடங்குகிறது என்பது சொற்பமான துகள்களில்தான் பதிவாகியிருக்கிறது. சிவப்பு நிறத்தை உணராத பழைய காலத்துத் தகட்டில் எடுத்திருந்தால் செவலையும் கறுத்து, மூஞ்சியோடு ஒன்றாகப் போயிருக்கும். இந்த பிலிம் எல்லா நிறத்தையும் உணர்ந்தது நம் அதிர்ஷ்டம்.

அடுத்தது கழுவுதல். பிலிம் கழுவ 20 டிகிரி செல்சியஸ்தான் பொதுவான கணக்கு. இவ்வூர்கள் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் கோடையில் தொட்டித் தண்ணீர் அதற்கு எங்கே இறங்கும்? ஐஸ் வாங்கிப் போட வேண்டும், அல்லது டெவலப்பரில் வைக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். நேரம் மிஞ்சினால் படத்தின் சொரசொரப்பு ஏறும். சூடு மிஞ்சினால் ஜெலட்டின் உப்பி நெகிழும். பிலிமில் நாம் பார்க்கும் புள்ளி தனிப் படிகமல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பல துகள்களின் திரட்சி. எங்கள் படத்தின் சாம்பல் சுவரில் அது கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறது. அந்த ஊரின் தண்ணீரும் வெயிலும் அதில் கலந்திருப்பதாகவே நான் நம்புகிறேன்.

பிறகு பதிவை நிலைக்க வைக்கும் ஹைப்போ, அலசல், கொடியில் காய்தல். போஸ்ட்கார்டு சைஸில் ஒரு பிரிண்ட் போட்டுச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார்கள். நெகட்டிவ் காகித உறையில் தகரப் பெட்டிக்குள் போனது. வெள்ளிக்காகப் பழைய நெகட்டிவ்களை எடைக்குப் போட்ட ஸ்டூடியோக்கள் தமிழ்நாட்டில் உண்டு. தாத்தா கேட்டு வாங்கி வைத்ததால் இது பிழைத்தது.

மதுரையில் ஒரு லேபில் ஸ்கேன் செய்தோம். நெகட்டிவின் பக்கம் 56 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 2400 புள்ளி என்று வைத்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 5300 பிக்சல் கிடைக்கும். மேசை ஸ்கேனர்களின் பெட்டியில் இதைவிடப் பெரிய எண்கள் அச்சாகியிருக்கும், ஆனால் பல இயந்திரங்களின் லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் பாதிகூட இராது. எண்ணை ஏற்றினால் கோப்புதான் வீங்கும். தூசியை அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்துத் தானாக நீக்கும் வசதியையும் அணைக்கச் சொன்னேன். கலர் பிலிமின் சாயத்தை அந்தக் கதிர் கடந்துபோகும், வெள்ளியைக் கடக்காது. கறுப்பு வெள்ளையில் அது படத்தையே தூசி என்று எடுத்துக்கொள்ளும். தூசியைத் துடைப்பானால் துடைத்தோம். அழுத்தாத டிஃப் கோப்பாக வாங்கினோம்.

ஊட்டியிலிருந்து மதுரைவரை வந்த படம், கைபேசியில்தான் அடிபட்டது. அக்கா மகன் குடும்பக் குழுவில் போட்டுவிட்டுச் சொன்னான்: “மாமா, படம் பூரா ஒரே புள்ளியா இருந்துச்சு. ஆப்ல போட்டுத் துடைச்சுட்டேன்.” ஆசையாகத்தான் செய்தான். ஆனால் அந்தச் செயலி புள்ளியை மட்டும் எடுக்கவில்லை. தாத்தாவின் கன்னத்தை வழவழவென்று புதிதாக வரைந்தது. நாயின் ரோமத்தைக் களிமண் மாதிரி பூசி, கருமூஞ்சியின் எல்லையைக் கண்ணுக்கு மேலே இழுத்துவிட்டது. துகளுக்குப் பின்னால் உண்மையான முகம் ஒன்று ஒளிந்திருப்பதாக நினைக்கிறார்கள். பின்னால் எதுவும் இல்லை. துகள்தான் முகம்.

துடைக்காமல் அனுப்பினாலும் ஆபத்து உண்டு. வாட்ஸ்அப் சாதாரணமாக நீண்ட பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்கும். 2023-ல் வந்த எச்டி தேர்வு கொஞ்சம் தாராளம். சுருக்கிய பின் ஜேபெக் அழுத்தம். 1992-லேயே தரப்படுத்தப்பட்ட அந்த முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களை முதலில் கழிக்கும். பிலிம் துகள் அந்த வகை, ரோமமும் அந்த வகை. இரண்டையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. சுவரில் சதுரத் திட்டுகள் விழுவதும் ரோமம் கரைவதும் இதனால்தான்.

சினிமாவிலும் இதே சிக்கல். 2018-ல் வந்த ஏவி1 வீடியோ முறை, துகளை முதலில் பிரித்தெடுத்துவிட்டு அதன் அளவுகளை மட்டும் அனுப்பவும் வழி தரும். பார்க்கும் திரை புதிதாகத் துகளைத் தூவிக்கொள்ளும். திரைப்படத்துக்கு அது போதும். சாட்சியாக நிற்க வேண்டிய படத்துக்குப் போதாது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட காப்பகங்கள் மூலக் கோப்பை அழுத்தாமல் வைத்துக்கொண்டு, பார்ப்பதற்குத் தனிப் பிரதி தருகின்றன. வீட்டுக்கும் அந்த வழக்கம் வேண்டும்.

அதையே செய்தோம். மூலக் கோப்பு இரண்டு வட்டுகளில் தனித்தனி வீடுகளில் இருக்கிறது. குழுவுக்கு, நாங்களே நிதானமாக 1600-க்குச் சுருக்கிய பிரதியை, படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினோம். அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் அதில் கை வைப்பதில்லை. கீழே ‘நெகட்டிவிலிருந்து, துகள் நீக்கவில்லை’ என்று ஒரு வரி.

கோம்பையில் நாய் வளர்க்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மூஞ்சி சரியாகத் தெரியவில்லை என்றார். நியாயமான குறை. 5300-ஐ 1600 ஆக்கினால் பதினொரு பிக்சல் ஒன்றாகிறது. எனவே மூலத்திலிருந்து நாயின் தலையை மட்டும் சுருக்காமல் வெட்டி, இரண்டாவது கோப்பாக அனுப்பினோம். புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. கறுப்பு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடுவது அதில் தெரிந்தது. அவர் அந்தக் கோப்பைத் தன்னிடமுள்ள குட்டிகளோடு ஒப்பிட எடுத்துக்கொண்டார்.