காய்ந்த போஞ்சியும் அம்மம்மாவின் வித்துப் போத்தலும்

துன் நகரத்தில் நான் வேலை செய்யும் சமையலறையில் பனிக்காலம் எண்டால் ஒரு வேலை எனக்கெண்டே இருக்கும். இரவு கடை பூட்ட முதல் காய்ந்த போஞ்சியைத் தண்ணியில் ஊறப் போடவேணும். டேர்போனன் எண்டு சொல்லுவினம். முதன்முதல் பார்க்கேக்க கறுத்துச் சுருண்டு, பழைய கயிற்றுத் துண்டுகள் மாதிரிக் கிடந்தது. இதையும் காசு குடுத்துச் சாப்பிடுவினமோ எண்டு நினைத்தேன். மறுநாள் உள்ளி, வெங்காயம், புகையூட்டின பன்றி இறைச்சியோடு அவிந்தபிறகு ஒரு கரண்டி வாயில் வைத்தேன். பச்சைப் போஞ்சியில் இல்லாத ருசி. புழுக்கொடியல் தின்று வளர்ந்த ஆக்களுக்கு நான் சொல்வது விளங்கும். அவித்துக் காயவைக்கிற பண்டத்துக்கெண்டு ஒரு மணம் இருக்கிறது. இங்கேயும் காயை லேசாக அவித்துத்தான் காயவைக்கிறார்கள்.

சொல்லைக் கொஞ்சம் பாருங்கோ. தமிழ்நாட்டில் பீன்ஸ் என்பார்கள். எங்களுக்குப் போஞ்சி, சிங்களவருக்கும் போஞ்சி. 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் இது. ஜெர்மன் போனனும் அதே குடும்பம். அந்த ஒல்லாந்தருக்குக் கூலிக்குச் சண்டை பிடிக்க இலங்கைக்கு வந்த தெ மெரோன் படைப்பிரிவு சுவிஸ்காரருடையது, 1795 இல் அப்படியே ஆங்கிலேயரிடம் கைமாறியது. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களில் நாங்கள் முதல் ஆக்கள் இல்லை.

ஆனால் போஞ்சிச் செடி இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1492 க்குப் பிறகுதான் மற்றவர்கள் அதைக் கண்டது. அதற்கு முதல் ஐரோப்பியருக்கு பெரிய மொச்சை மாதிரி ஒரு அவரை இருந்தது. எங்களுக்குப் பயறு, உழுந்து, கொள்ளு. கௌபியும் பயற்றங்காயும் ஒரே இனம், அதுவும் ஆபிரிக்காவிலிருந்து எத்தனையோ ஆயிரம் வருடத்துக்கு முதல் வந்ததுதான்.

இந்தக் காய்ந்த போஞ்சியின் பெரிய இடம் 'பேர்ணர் பிளாட்டே' எண்ட சாப்பாட்டில். அதற்கு ஒரு கதை சொல்லுவினம். 1798 மார்ச் 5, பிரெஞ்சுப் படை பேர்ணுக்கு வருகிறது. நொய்யனெக் எண்ட இடத்தில் பேர்ண்காரர் அவர்களை அடித்துக் கலைக்கிறார்கள். வென்று வந்த படைக்குச் சனங்கள் வீட்டில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து விருந்து வைத்தார்களாம். மார்ச் தொடக்கத்தில் தோட்டத்தில் என்ன இருக்கும்? உப்புப் போட்ட இறைச்சி, புளித்த கோவா, காய்ந்த போஞ்சி. விருந்து எண்டு சொன்னாலும் அது களஞ்சியத்தின் அடியைச் சுரண்டின சாப்பாடுதான்.

கதை சொல்லுகிறவர்கள் மெல்லமாகச் சொல்லும் பகுதி ஒன்றும் இருக்கிறது. அதே நாள் கிரவ்ஹொல்ஸில் பேர்ண்காரர் தோற்று, நகரம் விழுந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் கஜானாவை அள்ளிக்கொண்டு போனார்கள். துன் 1803 வரை 'ஓபர்லாண்ட்' எண்ட புதுக் கன்டோனின் தலைநகராக இருந்தது. ஒரு பக்கம் வெற்றி, மறுபக்கம் எல்லாம் போய்விட்டது. இந்த மாதிரி நாட்களை எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கம்பஸில் படிப்பை இடையில் விட்டவன் நான், ஆனாலும் இந்தக் கணக்கு மறக்கவில்லை. நூறு கிராம் பச்சைப் போஞ்சியில் புரதம் இரண்டு கிராம்தான், மிச்சம் பெரும்பாலும் தண்ணி. பத்துக் கிலோ காய் காய்ந்தால் ஒரு கிலோ அளவுக்கு வரும். விற்றமின் சி போய்விடும், நாரும் கனிமங்களும் புரதமும் நிற்கும். முற்றின விதை எண்டால் வேற கதை. பயறு, கௌபி, உழுந்து எல்லாம் நூறு கிராமுக்கு இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து கிராம் புரதம். அரிசியில் ஏழு. அதோடு அரிசியில் குறைவான லைசின் பயறில் நிறைய, பயறில் குறைவான மெதியோனின் அரிசியில் இருக்கிறது. பயற்றம் கஞ்சி காய்ச்சின கிழவிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, கணக்கு மட்டும் சரியாக வந்திருக்கிறது. பயறை முளைக்கவிட்டால் இல்லாத விற்றமின் சியும் வரும். (சிவப்புப் போஞ்சி விதையை மட்டும் அரைவேக்காட்டில் சாப்பிடாதேங்கோ, நஞ்சு இருக்கு. ஊறவைத்துக் கொதிக்கக் கொதிக்க அவிக்கவேணும்.)

1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் மைசூர்ப் பருப்பு தங்கம் மாதிரி. அது இலங்கையில் விளையிற சாமானும் இல்லை. அப்போது எங்களைத் தாங்கினது பயறும் கௌபியும். காலமை அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும், பின்னேரமும் அதுவே. அலுப்பில் நான் கோப்பையைத் தள்ளிவிட்டு அடி வாங்கினதும் உண்டு.

1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மம்மாவின் பையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். உள்ளே சாம்பலில் பிரட்டின வித்துப் பயறு. நகைப்பெட்டி எண்டு நான் நினைத்தேன். கொடிகாமத்தில் சில நாள் வெறும் கஞ்சி மட்டும். தம்பி பசியில் அழுதான். அந்தப் போத்தலைத் திறக்கச் சொல்லி அம்மா கேட்டா. அம்மம்மா மாட்டேன் எண்டிட்டா. "அதைத் திண்டா ஒரு நாள். விதைச்சா ஒரு வருசம்" எண்டா. அன்றைக்கு அவவை எனக்குப் பிடிக்கவேயில்லை. 1996 இல் திரும்பிப் போனதும் கிணற்றுத் தண்ணி இறைத்து அதைத்தான் விதைத்தோம்.

இப்ப துன்னில் ஒரு விஷயம். ஒரு நாள் ஊறப் போடேக்க பக்கெற்றைத் திருப்பிப் பார்த்தேன்: சீனாவில் விளைந்தது. கடைகளில் விற்கிற டேர்போனனில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் வருகிறதாம். பேர்ண் வெற்றியின் சாப்பாடு சீனப் போஞ்சியில் வேகிறது, ஊறப் போடுகிறவன் யாழ்ப்பாணத்தான். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எங்கட ஆக்களும் வேற மாதிரி இல்லை. இங்கே தமிழ்க்கடையில் வாங்குகிற பயறு எந்த நாட்டுப் பயறு எண்டு எத்தனை பேர் பார்த்திருப்போம்?

உள்ளூர் வித்துகளைக் காக்கிறதுக்கு இங்கே 1982 இல் புரோ ஸ்பெசியே ராரா எண்டு ஒரு அமைப்புத் தொடங்கினார்கள். அவர்கள் காத்துவைத்திருக்கிற போஞ்சிகளில் ஒன்றின் பெயர் 'பேர்ணர் லாண்ட்ஃப்ரவுவன்', பேர்ண் நாட்டுப்புறப் பெண்கள் எண்டு அர்த்தம். பெயர் வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

போன வருடம் தோட்டத்துண்டு வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக் கிழவி எனக்கு அதில் ஒரு பிடி வித்துத் தந்தா. பல்கனியில் கம்பு நட்டு ஏற்றினேன். பக்கத்துத் தொட்டியில் பயற்றங்காயும் போட்டேன், அது குளிருக்கு முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. லாண்ட்ஃப்ரவுவன் காய்த்துத் தள்ளினது. முற்றவிட்டு உரித்துப் போத்தலில் போட்டேன். சாம்பலுக்குத்தான் அலைந்தேன். மின்சார அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? கடைசியில் கிழவி தன்ர விறகடுப்பில் இருந்து ஒரு கடதாசிப் பையில் அள்ளிக்கொண்டுவந்து தந்தா. எதுக்கு எண்டு கேட்கவில்லை.