கல்கத்தாவில் ஆடினது, வியன்னாவில் பேர் வாங்கினது

செஸ் கத்துக்க ஆரம்பிச்சதும் எல்லாரும் சொல்றது, நடுவுல இருக்கிற நாலு கட்டத்தைப் பிடின்னுதான். இன்னைக்கு நான் பேசப்போற ஓப்பனிங் அதைச் செய்யாது. பேரு இந்தியன் டிஃபென்ஸ்.

வெள்ளை, ராணிக்கு முன்னாடி நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுது. கறுப்பு பதிலுக்குச் சிப்பாயைத் தள்ளாம, ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுக்குது. அடுத்து ஜி சிப்பாய், ஒரே ஒரு கட்டம். அது விட்ட இடத்துல மந்திரி போய் உட்காரும். அங்கிருந்து பார்த்தா பலகையோட எதிர் மூலை வரைக்கும் அதுக்கு ஒரே நேர் கோடு. நடுவை வெள்ளை பிடிச்சுக்கட்டும், அதைத் தூரத்துல இருந்து உடைக்கலாம். யோசனை அவ்வளவுதான்.

‘இந்தியன்’ங்கிற பேர் எங்கிருந்து வந்தது? 1840கள், 50களின் கல்கத்தா. ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து பாரிஸ்டர் அங்கே வேலை பார்த்தார். பிரிட்டனின் பலமான ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரோடு தொடர்ந்து மோதியவர் மொஹேஷ் சந்தர் பானர்ஜி என்ற வங்காளி. நம்ம ஊர் பழைய விதிப்படி பொதுவா சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். அந்தப் பழக்கத்தில் வந்த கைதான் இப்படி ஆடியிருக்கும்னு நான் நம்புறேன்.

1855இல் ஒரு ஆட்டம். காக்ரேன் வெள்ளை. மூணாவது நகர்வில் மொஹேஷ் சந்தர் ராணிச் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளி, நடுவை நேரா மோதுறார். ஜெயிக்கவும் செய்றார். 67 வருஷம் கழிச்சு, 1922இல், ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் அதே நகர்வைப் பெரிய போட்டிகளில் ஆடினார். வியன்னாவில் அலெகைனையே அதை வச்சுத் தோற்கடிச்சார். இன்னைக்கு அது க்ரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ்.

க்ரூன்ஃபெல்ட் மேல எனக்குக் கோபமில்லை, அவர் உழைப்பு நிஜம். உறுத்துறது வேற. பெட்ராஃப் டிஃபென்ஸில் குதிரையைப் பலி கொடுக்கும் ஒரு தாக்குதலை 1848இல் காக்ரேன் இதே மொஹேஷ் சந்தர் மேல ஆடினார். அது ‘காக்ரேன் கேம்பிட்’. இவருக்கு மட்டும் ஊர் பேர் கூட இல்லை, ‘இந்தியன்’, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, இந்த ஆட்டங்கள் நமக்குக் கிடைச்சதே காக்ரேன் இவரோட உட்கார்ந்து அத்தனை தடவை ஆடினதாலதான். அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

2010இல் சோபியாவில் டோபலோவுக்கு எதிரா, உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில் ஆனந்த் எடுத்ததும் க்ரூன்ஃபெல்ட்தான். தோத்தார். தொடர் முடியும்போது பட்டம் அவர்கிட்டயே இருந்தது.