ஆடல்மகளின் புகழும் சிதைந்த படியும்

1929ஆம் ஆண்டின் இறுதியில் பாரமவுண்ட் நிறுவனத்தார் வெளியிட்ட ‘குளோரிஃபையிங் தி அமெரிக்கன் கேர்ள்’ என்னும் பேசும்படம், கதை மெலிந்து காட்சி மிகுந்தது என்று குறை கூறப்படுவதுண்டு. அக்குறை உண்மையே. ஆயினும் அவ்வளவோடு அமைதல் முறையன்று என்பது நம் கருத்து.

அப்படத்தின் பெயரே ஒரு விளம்பரம். 1907இல் ‘ஃபாலீஸ்’ என்னும் மேடைக்காட்சியைத் தொடங்கி நியூயார்க்கில் பெரும்புகழ் எய்திய சீக்ஃபெல்டு, தம் ஆடல்மகளிரைக் குறித்து வழங்கிவந்த தொடர் அது. நாயகியாக நடித்த மேரி ஈட்டனும் அம்மேடையில் ஆடியவரே.

கதைத்தலைவி குளோரியா ஒரு பெருங்கடையில் இசைத்தாள் விற்பவள். மேடைக் கூத்தன் ஒருவன் அவளைத் தன் துணையாக ஆடுமாறு அழைக்கின்றான், தாய் தூண்டுகின்றாள், மகள் ஒப்பந்தத்திற் கையொப்பம் இடுகின்றாள். அவள் புகழ் ஏறியபோது, வருவாயிற் பங்கு கேட்டு அவ்வொப்பந்தமே அவன் கையில் வந்து நிற்கின்றது. புகழின் வரலாற்றை அமெரிக்கப் படம் ஒன்று இங்ஙனம் கணக்கேட்டின் வழியாகக் கூறுதல் ஈண்டு நோக்கத்தக்கது. அவளைக் காதலித்தவனோ வேறொருத்தியை மணக்கின்றான். ஃபாலீஸ் அரங்கில் அவள் வெற்றி பெறும் இரவிலேயே அச்செய்தி தந்தியாக வந்து சேர்கின்றது. ஆட்டம் நிற்பதில்லை.

இறுதிப் பகுதி முழுவதும் மேடைக்காட்சியே. எடி கேண்டரின் தையற்கடை நகைச்சுவையும் எலன் மார்கனின் பாட்டும் கதைக்குச் சிறிதும் வேண்டாதவை. அரங்கிற்கு வரும் பெருமக்களுள் நகரத் தலைவர் ஜிம்மி வாக்கரும் காணப்படுகின்றார். அவரும் கதைக்கு வேண்டியவர் போலும்! ஒலிப்பதிவு புதிதாயிருந்த காலத்தில், பாடவும் பேசவும் வல்லாரைக் காட்டுவதே காண்போரை ஈர்க்கப் போதியதாயிருந்தது.

அக்காட்சிகளுட் சில இருநிற டெக்னிகலரில் எடுக்கப்பட்டவை. கதை நிகழ்ச்சிகளோ கருப்பு வெள்ளை. நெடுங்காலம் வழங்கியவை நிறம் இழந்த படிகளே. ஏடு பெயர்த்தெழுதுவோன் விட்ட அடிகளால் பாட்டின் பொருள் மயங்குவதை நாம் நன்கு அறிவோம். இங்கும் அதுவே நேர்ந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆவணக்காப்பகம் செப்பம் செய்த படியில் நிறம் மீண்டும் தோன்றுகின்றது. அப்படியை நோக்குங்கால், கடையும் வீடும் காதலும் நிறமற்றிருக்க, மேடை மட்டும் ஒளிர்வது புலனாகின்றது. தந்தி பெற்றவள் ஏறி நிற்பது அம்மேடையிலேயே. இம்முரண் எடுத்தோர் கருதியதா, செலவு கருதி நேர்ந்ததா என்பது வேறு வினா. சாம்பற்படி ஒன்றையே கண்டு தீர்ப்புக் கூறியவர்க்கு அவ்வினா எழ இடமே இல்லை.